படிக்கட்டில் பற்றவைத்த கேள்விகள்

சென்ற இதழில் 'மாடிவீட்டுக்காரருக்கு முதல் எதிரி யார்?' என்று ஒருவர் கேட்டிருந்தார். 'கீழ்வீட்டுக்காரர் பீடி' என்று இரண்டே சொல்லில் பதில் எழுதிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனேன். மறுநாளிலிருந்து தபால்காரர் என்னை முறைக்கிறார். சேரன்மகாதேவி ஆசாமி ஒருத்தருக்கு இத்தனை கடிதமா என்று அவருக்குச் சந்தேகம். வந்ததில் பாதி புகை, பாதி நெருப்பு. இந்த இதழ் முழுக்க அதுதான்.

கே: எங்கள் குடியிருப்பில் மாடிக்கு மாடி 'இங்கே புகைபிடிக்கக் கூடாது' என்று போர்டு வைத்திருக்கிறோம். சரியாக அந்தப் போர்டுக்குக் கீழேயே நின்று பிடிக்கிறார்கள்! (இரண்டாம் மாடிக்காரர், பாளையங்கோட்டை)

ப: போர்டு கண்ணில் படட்டும் என்று பக்கத்திலேயே டியூப்லைட் போட்டிருப்பீர்கள். வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில்தானே மனுஷன் நிற்பான்? போர்டுக்கும் ஓர் இலக்கணம் உண்டு. 2008-இல் மத்திய அரசு போட்ட விதிப்படி, பொது இடத்தில் வைக்கும் பலகை 60-க்கு 30 செ.மீ., வெள்ளைப் பின்னணி. யாராவது மீறினால் எவரிடம் போய்ச் சொல்வது என்பதும் பார்த்தவுடன் தெரிய வேண்டும். நம் பக்கத்துப் பலகைகளில் உபயதாரர் பெயர் இருக்கும். தலைவர், செயலாளர், பொருளாளர் பெயர் இருக்கும். பெயின்டர் செல்போன் நம்பர்கூட இருக்கும். புகாரைக் கேட்க வேண்டிய ஆள் பெயர் மட்டும் இருக்காது. எழுந்துபோய் உங்கள் போர்டைப் பாருங்கள். ஒரு பிளேட் இருட்டுக்கடை அல்வா பந்தயம்.

கே: என் வீட்டுக்குள் நான் பிடிக்கிறேன். எந்தச் சட்டம் என்னைத் தடுக்கும்? (சவால் விடும் வாசகர், அம்பாசமுத்திரம்)

ப: ஒன்றும் தடுக்காது. 2003-ஆம் வருடத்துப் புகையிலைச் சட்டம் பொது இடங்களைத்தான் பேசுகிறது. மருத்துவமனை, நீதிமன்றம், சினிமாக் கொட்டகை, ஓட்டல், அலுவலகம், பஸ் எல்லாம் அதில் வரும். 2008 அக்டோபர் 2, காந்தி ஜெயந்தி அன்று விதிகளைப் புதுப்பித்து இறுக்கினார்கள். மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். வீடு அந்தப் பட்டியலில் இல்லை.

வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவில் திரிசங்குவாகத் தொங்குவது படிக்கட்டு. பால்காரர், சிலிண்டர்காரர், ஓட்டுக் கேட்டு வருகிறவர் எல்லாரும் ஏறி இறங்குவதால் அது பொது இடம் என்று ஒரு வக்கீல் வாதாடலாம். எட்டு வீட்டுக்காரரின் கூட்டுச் சொத்து, வெளியாளுக்கு அங்கே என்ன வேலை என்று இன்னொரு வக்கீல் வாதாடலாம். அவர்களும் பிழைக்க வேண்டாமா? உங்கள் விஷயத்துக்கு வருவோம். சட்டம் உங்கள் நிலைப்படியோடு நின்றுகொள்கிறது, சந்தோஷம். உங்கள் புகையிடமும் அதைக் கொஞ்சம் சொல்லிவையுங்கள்.

கே: கதவைச் சாத்திக்கொண்டு பாத்ரூமுக்குள் பிடித்தால்கூட மேல்வீட்டுக்காரி சண்டைக்கு வருகிறாள். மூக்கா அது? (நொந்துபோனவர், பேட்டை)

ப: மூக்கைக் குறை சொல்லாதீர்கள். உங்கள் பாத்ரூம் வென்டிலேட்டர் எங்கே திறக்கிறது என்று ஸ்டூல் போட்டு எட்டிப் பாருங்கள். ஆள் ஒருத்தர் நிற்கும் அகலத்தில், கீழிருந்து மொட்டைமாடி வரை ஒரு சந்து. பைப்புகளுக்காக விட்டது. மூன்று மாடி வென்டிலேட்டரும் அதில்தான் திறக்கும். சூடான காற்று மேலேதான் போகும் என்பது அரிசி ஆலைப் புகைபோக்கியைப் பார்த்து வளர்ந்த நமக்குத் தெரியாததா? அதே வேலையைத்தான் இந்தச் சந்தும் செய்கிறது, படிக்கட்டும் செய்கிறது. சந்தேகமிருந்தால் ஞாயிற்றுக்கிழமை நெத்திலிக் கருவாடு வறுத்துப் பாருங்கள். எந்தெந்த வீட்டுக் கதவு திறக்கிறதோ, அதெல்லாம் உங்கள் பீடியைக் கேட்காமலே குடித்துக்கொண்டிருக்கும் வீடு.

கே: அமெரிக்காவில் அரசு கட்டிக்கொடுத்த அடுக்குமாடிகளில் வீட்டுக்குள்ளேயே தடை போட்டுவிட்டார்களாம். மகன் போனில் சொன்னான். நிஜமா? பலித்ததா? (ஓய்வுபெற்ற கைத்தறி கூட்டுறவுச் சங்க ஊழியர், வீரவநல்லூர்)

ப: மகன் சொன்னது நிஜம். அங்கே வீட்டுவசதிக்கு என்று உள்ள மத்திய அரசுத் துறை 2016 டிசம்பரில் விதியை வெளியிட்டது. 2018 ஜூலை 30-க்குள் நாட்டிலுள்ள அத்தனை அரசுக் குடியிருப்பும் அதைக் கடைப்பிடித்தாக வேண்டியிருந்தது. வீட்டுக்குள் கூடாது, நடைவழியில் கூடாது, அலுவலகத்தில் கூடாது, கட்டடத்திலிருந்து 25 அடிக்குள்ளும் கூடாது. சிகரெட், சுருட்டு, பைப், ஹூக்கா எல்லாம் அடக்கம். மின்சிகரெட்டை மட்டும் விதி சேர்க்கவில்லை. பாஸ்டன் நகரம் யாரும் சொல்லாமலே 2012-இல் இதைச் செய்துவிட்டது.

பலித்ததா என்பதுதான் ருசியான கேள்வி. நியூயார்க் நகர வீட்டுவசதி ஆணையம் அந்த நாட்டிலேயே பெரியது. அங்கே ஆராய்ச்சிக்காரர்கள் தடை வருவதற்கு முன்பே போய் அளந்து வைத்துக்கொண்டார்கள். தடை வந்த 10 உயரக் கட்டடங்கள். அதே மாதிரி ஏழை ஜனங்கள் இருக்கிற, ஆனால் தடை இல்லாத 11 தனியார் கட்டடங்கள். ஒரு வருடம் கழித்து மறுபடியும் அளந்தார்கள். 2020-இல் முடிவு வந்தது. இரண்டு பக்கத்துக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை! மூன்று வருடம் வரை தொடர்ந்து பார்த்தபோது படிக்கட்டில் மட்டும் காற்று கொஞ்சம் தெளிந்திருந்தது. வீட்டுக்குள் பழைய கதைதான்.

ஏன் என்று குடியிருப்பவர்களிடம் கேட்டால் நம்மூர்க்காரர் குரலாகவே இருக்கிறது. யார் வந்து பார்க்கிறார்கள், யார் வந்து கேட்கிறார்கள் என்றார்கள். ராத்திரி கீழே இறங்கிப்போய்ப் பிடிக்கப் பயமாக இருக்கிறது என்றார்கள். சுவரில் பூஞ்சை பிடித்திருக்கிறது, அதற்கு ஆள் வரவில்லை, சிகரெட்டுக்கு மட்டும் நோட்டீஸ் ஒட்ட வந்துவிட்டீர்களா என்றார்கள். லிஃப்ட் ஓடாத கட்டடத்தில் பதினோராம் மாடித் தாத்தாவைப் பார்த்து 'இறங்கிப் போய் 25 அடி தள்ளி நின்று பிடியும்' என்று சொன்னால் அவர் என்ன செய்வார்? பாத்ரூமுக்குத்தான் போவார்.

உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். 'பலிக்கவில்லை' என்று வெளியே சொல்லும் துணிச்சலை நான் மெச்சுகிறேன். நம் பக்கத்தில் ரிப்பன் வெட்டின அன்றைக்கே திட்டம் மாபெரும் வெற்றி.

கே: மொட்டைமாடியில் பிடிக்கலாமா? (ஒரு மருமகன், தென்காசி)

ப: மாமியார் வடகம் காயப்போட்டிருக்கிறாரா என்று முதலில் பாருங்கள். அங்கே அபராதம் 200 ரூபாயோடு முடியாது.

கே: புகை குறைந்ததா இல்லையா என்று எப்படி அளக்கிறார்கள்? மூக்கை வைத்தா? (அறிவியல் ஆசிரியை, கல்லிடைக்குறிச்சி)

ப: டீச்சர், மூக்கு பிறழ்சாட்சி. ஐந்து நிமிஷம் ஆனால் பழகிப்போய் 'ஒன்றும் இல்லையே' என்று கட்சி மாறிவிடும். அதனால் கருவிதான். காற்றில் மிதக்கும் நுண்தூசியை எண்ணுகிற டப்பா ஒன்று உண்டு. அதை உங்கள் கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீட்டில் வைத்துப் பாருங்கள். வெள்ளிக்கிழமை சாம்பிராணி, சாயங்காலம் கொசுவர்த்தி, சாம்பாருக்கு வற்றல் தாளிப்பு, பின்கட்டில் விறகடுப்பு. டப்பா அலறி ஓய்ந்துவிடும். பீடி பிடிப்பவர் யாரும் இல்லாத வீட்டிலேயே இந்தக் கதி.

ஆகவே நிகோடினைத் தேடுகிறார்கள். கைக்கடங்கும் ஒரு பிளாஸ்டிக் வில்லை. உள்ளே மருந்து தோய்த்த வடிதாள். கரண்ட் வேண்டாம், சத்தம் கிடையாது. சுவரில் ஒரு வாரம் போலத் தொங்கவிட்டு எடுத்துக்கொண்டுபோய் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். காற்றில் நிகோடின் இருந்தால் அது புகையிலையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். (கத்தரிக்காயிலும் துளியூண்டு உண்டு என்று மாணவர் யாராவது எழுந்து கேட்பார். அது பறக்காது என்று சொல்லி உட்காரவையுங்கள்.) காற்றை விட்டுவிட்டு ஆளைச் சோதிக்க வேண்டுமென்றால் எச்சிலில் பார்ப்பார்கள். உள்ளே போன நிகோடினை உடம்பு கோட்டினின் என்று மாற்றி வைத்திருக்கும். புகையிலையையே தொடாதவர் எச்சிலில் அது இருந்தால், பக்கத்தில் எவரோ பிடிக்கிறார் என்று அர்த்தம்.

கருவி கிடைத்துவிட்டால் போதாது. முன்பு எவ்வளவு என்று அளக்காதவர் பின்பு குறைந்தது என்று சொல்லக் கூடாது. ஜோடிக் கட்டடம் ஒன்று இல்லாமல் முன்பின் கணக்கு மட்டும் காட்டினாலும் நம்பக் கூடாது. நாடு முழுக்கவே வீட்டுப் புகை இறங்கிக்கொண்டிருக்கிறது. 2009-10-இல் எடுத்த தேசியக் கணக்கில் வீட்டில் அடுத்தவர் புகையைச் சுவாசிக்கும் பெரியவர்கள் 52.3 விழுக்காடு, 2016-17-இல் 38.7. உங்கள் தெருவில் போர்டு மாட்டாமலே நடந்த இறக்கம் இது. இடையில் எவராவது போர்டு மாட்டியிருந்தால் 'எங்களால்தான்' என்று பொன்னாடை போர்த்திக்கொண்டிருப்பார்.

இன்னொன்று. அந்த நிகோடின் வில்லை நியூயார்க்குக்குப் பொருந்தும். தாமிரபரணிக் கரைக்கு வந்தால் ஏமாந்துபோகும். பிடிப்பவர் ஒருத்தர்கூட இல்லாத வீட்டிலும் அது நிகோடினைக் காட்டக்கூடும். காரணம் அடுத்த கடிதத்தில் இருக்கிறது.

கே: நாற்பது வருஷமாகப் பீடி சுத்துறேன். மூத்தவளைக் கட்டிக்கொடுத்ததும் இளையவனை டிப்ளமா படிக்கவச்சதும் இந்தத் தட்டுதான். பீடி பிடிக்கிறவனை ஏசும்போது என் சோத்தையும் சேத்துல்லா ஏசுதீக, அண்ணாச்சி? (ஒரு தாய், முக்கூடல்)

ப: அக்கா, நானும் அந்தத் தட்டுச் சோறுதான். ராத்திரியே இலையை நனைத்து ஈரச் சாக்கில் சுருட்டி வைப்பாள் அம்மா. காலையில் தகடு வைத்து, கத்தரியால் 'கறுக் கறுக்'கென்று ஒரே அளவாக வெட்டுவாள். அந்தச் சத்தம்தான் எங்களுக்குக் கோழி கூவுகிறது. மடியில் தட்டு, தட்டில் ஒரு பக்கம் இலை, ஒரு பக்கம் தூள். விரல் நுனி எடுக்கும் தூள் கூடினாலும் குறைந்தாலும் சாயங்காலம் பீடிக்கடையில் கணக்கப்பிள்ளை கழித்துவிடுவார். கழித்த கட்டைத் திருப்பித் தரமாட்டார் என்பது வேறு கதை. 'பெண்ணுக்குப் பீடி சுற்றத் தெரியுமா?' என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்ட காலம் அது. பீடிக்கடை பாஸ்புக் இருந்தால் நகை ஒரு பவுன் குறைந்தாலும் கல்யாணம் நிற்காது.

அம்மா ஆயுசுக்கும் ஒரு பீடி பிடித்ததில்லை. ஆனால் அவள் முந்தானையில் முகம் புதைத்தால் புகையிலைதான் மணக்கும். பீடி சுற்றுகிறவர்களைச் சோதித்துப் பார்த்த நம் நாட்டு ஆய்வுகளில், பிடிக்கும் பழக்கமே இல்லாத பெண்கள் சிறுநீரிலும் அந்தக் கோட்டினின் இருந்திருக்கிறது. தூள் போதும், புகை வேண்டாம். டீச்சருக்கு நான் சொன்ன வில்லை ஏமாறும் இடம் இதுதான்.

நீங்கள் சுற்றுவதை நிறுத்தச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? அதற்கு மாற்றுவேலை தருகிறவர் வந்து சொல்லட்டும். 1966-இல் பீடித் தொழிலாளர் சட்டம், 1976-இல் நலநிதிச் சட்டம், அதன்பேரில் வீடுகட்ட உதவி என்று அரசு உங்களைத் தொழிலாளியாகத்தான் வைத்து வந்திருக்கிறது. 2025 செப்டம்பரில் ஜிஎஸ்டி கவுன்சில் சிகரெட்டுக்கு 40 விழுக்காடு என்றது. பீடிக்கு 28-ஐ 18 ஆக்கியது. ஒரே அரசு, ஒரு கையால் பீடிக்கட்டில் தொண்டைப் புற்றுப் படம் போடுகிறது, மறு கையால் வரியைத் தட்டிக்கொடுக்கிறது. உங்கள்மேல் உள்ள கரிசனம் என்றே வைத்துக்கொள்வோம்.

எனக்குக் கவலை வேறொன்று. சொந்த வீட்டில் நீங்கள் எங்கே உட்கார்ந்து சுற்றுகிறீர்கள்? திண்ணையில், வாசலில், வேப்பமரத்தடியில். வெளிச்சம் வேண்டும், பேச்சுத்துணை வேண்டும், தூள் காற்றோடு போக வேண்டும். ஓலைக்குடிசையைப் பிரித்துவிட்டு மாடிவீடு கொடுக்கிறபோது சுவர் தருகிறார்கள், தளம் தருகிறார்கள், திண்ணையை மட்டும் யாரும் தருவதில்லை. தட்டு உள்ளே வந்துவிடுகிறது. சமையலும் தொட்டிலும் தூளும் ஒரே அறை. வாசலில் 'புகையில்லா வளாகம்' என்று போர்டு தொங்கும்; உள்ளே பேரப்பிள்ளை தூளில் தவழும். மாடிக்கு மாடி பீடி சுற்ற ஒரு காற்றோட்டமான வராந்தா என்று எந்த வரைபடத்திலாவது போட்டிருக்கிறார்களா? நான் பார்த்ததில்லை. இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள் அக்கா. தூள் டப்பாவை மூடியே வையுங்கள், பிள்ளை படுக்கிற பக்கம் தட்டை எடுக்காதீர்கள், இருமலை நலநிதி ஆஸ்பத்திரியில் காட்டுங்கள்.

கே: சிங்கப்பூரில் பக்கத்து வீட்டுக்காரர் ஜன்னலோரம் நின்று ஊதுகிறார். ஊர் என்றால் ரெண்டு வார்த்தை கேட்டுவிடலாம், இங்கே? (பத்தமடையிலிருந்து போனவர், உட்லண்ட்ஸ்)

ப: நீங்கள் இருப்பது வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீடுதானே? பத்தில் எட்டுப்பேர் அதில்தானே இருக்கிறீர்கள். 2013 ஜனவரியிலிருந்து அங்கே பொது நடைவழி, படிக்கட்டு, கீழ்த்தளம் எல்லாவற்றிலும் தடை. ஆனால் வீட்டு ஜன்னலும் பால்கனியும் தப்பித்துவிட்டன. அதையும் சேர்க்க வேண்டும் என்று 2020-இல் நாடாளுமன்றத்தில் ஓர் உறுப்பினர் மன்றாடினார். சொந்த வீட்டுக்குள் நடப்பதைக் கேமரா வைத்தா பிடிப்பது என்று அரசு மறுத்துவிட்டது. சூயிங்கத்துக்கே தடை போட்ட ஊர் ஜன்னலுக்கு முன்னால் தயங்கி நின்றது என்றால் விஷயம் எவ்வளவு சிக்கல் என்று பாருங்கள். அக்கம்பக்கத்துத் தகராறுக்கு என்றே தீர்ப்பாயம் வைத்திருக்கிறார்கள், போகலாம். அதற்கு முன் தீபாவளிக்கு ஒரு தட்டு முறுக்கு கொடுத்துப் பாருங்கள். பத்தமடைக்காரர் என்பதால் முன்கூட்டியே சொல்கிறேன்: ஜன்னலில் கோரைப்பாய் கட்டினால் வெயில் நிற்கும், புகை நிற்காது.

கே: கொசுவர்த்தியும் புகைதானே, அதற்கு ஏன் தடை இல்லை? (குறுக்குக் கேள்வியாளர், கடையம்)

ப: அதுவும் நெஞ்சுக்கு ஆகாதுதான். கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு விடியவிடிய எரிப்பவர் அடுத்தவர் பீடியைப் பற்றிப் பேசும் தகுதியைப் பாதி இழக்கிறார். மீதிப் பாதியைச் சாம்பிராணி எடுத்துக்கொள்ளும்.

கே: பங்களாக்காரர் சோபாவில் சாய்ந்து சுருட்டுப் பிடிக்கலாம். அரசுக் குடியிருப்பில் கூலிக்காரன் ஒரு பீடி பிடிக்கக் கூடாதா? சட்டம் எப்போதும் ஏழை வீட்டுக் கதவைத்தான் தட்டுமா? (கோபக்காரர், விக்கிரமசிங்கபுரம்)

ப: உங்கள் கோபத்துக்கு எங்கள் ஊரில் நூறு வருஷப் பூர்வீகம் உண்டு. 1922-இல் வ.வே.சு. ஐயர் சேரன்மகாதேவியில் குருகுலம் தொடங்கினார். தேசியக் கல்வி, கைத்தொழில், பிள்ளைகளுக்கு உண்டு உறையுள். அங்கே பிராமணப் பையன்கள் இரண்டுபேருக்குத் தனியாகச் சாப்பாடு போட்டார்கள் என்று விஷயம் வெளியே வந்தது. பெரியாரும் வரதராஜுலு நாயுடுவும் பிடித்துக்கொண்டார்கள். 1924-25-இல் தமிழ்நாடே பற்றி எரிந்தது. காங்கிரஸ் கட்சி 5,000 ரூபாய் கொடுத்திருந்தது. பொதுப்பணம் வாங்கிய இடத்தில் தனிப்பந்தியா என்பதுதான் கேள்வியின் கூர்முனை.

அந்தக் கேள்வியை இங்கே கொண்டுவந்து வைப்போம். 'அரசு பணத்தில் கட்டியது, அரசு சொல்வதைக் கேள்' என்பது ஒரு வாதம். சரி, சென்னையில் ஏழைகளை மறுகுடியமர்த்திய கண்ணகி நகர், பெரும்பாக்கம் மட்டுந்தானா அரசு பணத்தில் கட்டியது? அதிகாரிகள் குடியிருப்பு? நீதிபதிகள் குடியிருப்பு? சட்டமன்ற உறுப்பினர் விடுதி? போர்டு முதலில் அங்கே ஏறட்டும். அங்கே ஏறாமல் ஏழை வாசலில் மட்டும் ஏறினால், அது தனிப்பந்திதான், இலை மட்டும் மாறியிருக்கிறது.

ஆனால் கோபக்காரரே, இன்னொரு பக்கத்தையும் பாருங்கள். பங்களாக்காரர் சுருட்டு அவர் காம்பவுண்டுச் சுவரில் முட்டி அவரிடமே திரும்பும். பெரும்பாக்கத்தில் தரைத்தளத்துக்கு மேல் ஏழு மாடி. ஒருவர் பற்றவைத்தால் அது நேரே அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குப் போகிறது. அந்தத் தொட்டிலும் ஏழை வீட்டுத் தொட்டில்தான். அடுத்தவர் புகைக்கு 'இதுவரை பாதகமில்லை' என்று ஓர் எல்லையே கிடையாது என்று அமெரிக்கத் தலைமை மருத்துவர் 2006-லேயே அறிக்கை எழுதிவிட்டார். ஏழைக்காக வாதாடும்போது எந்த ஏழைக்காக என்று சொல்ல வேண்டியிருக்கிறது.

என் கட்சியைக் கேட்டால்: படிக்கட்டில், லிஃப்டில், நடைவழியில் தடை, கறாராக. வீட்டுக்குள் என்றால், அங்கே இருப்பவர்களே கூடிப் பேசி, பெண்களும் கை தூக்கி எடுக்கிற முடிவு. வீட்டைக் காலிசெய்ய வைப்பது மட்டும் எந்தக் காரணத்துக்கும் கூடாது. அமெரிக்க விதியிலேயே அதைக் கடைசி ஆயுதமாக வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். ஆற்றங்கரையிலிருந்து ஒருமுறை பெயர்த்துக் கொண்டுவந்தவர்களை, ஒரு பீடிக்காக இன்னொரு முறை பெயர்ப்பது எந்த ஊர் சுகாதாரம்?

கே: அபராதம் 200 ரூபாய் என்கிறீர்கள். வாங்குகிறார்களா? (கணக்குப்பிள்ளை, ஆலங்குளம்)

ப: வாங்குகிறார்கள். வசூல் கூடினால் 'நடவடிக்கை தீவிரம்' என்பார்கள், குறைந்தால் 'விழிப்புணர்வு வெற்றி' என்பார்கள். இரண்டு பக்கமும் ஜெயிக்கிற ஆட்டம் அது.

கே: நியூயார்க், சிங்கப்பூர் கதையெல்லாம் போதும். நம்ம பக்கம் யாராவது உருப்படியாகச் செய்து பார்த்திருக்கிறார்களா? (வாசகி, செங்கோட்டை)

ப: உங்கள் ஊரிலிருந்து மலையைத் தாண்டினால் போதும். திருவனந்தபுரத்து அச்சுத மேனன் மையத்தார் கேரளத்தில் 'புகையில்லா வீடு' என்று ஒன்று நடத்தி 2015-இல் கட்டுரையும் எழுதினார்கள். மாடிக் குடியிருப்பு இல்லை, சாதாரணக் குடும்பங்கள். தொடங்குமுன் கேட்டபோது, புகைக்கும் ஆண்களில் 70 முதல் 80 விழுக்காடு வீட்டுக்குள்ளேயே பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் 'வேண்டாம்' என்று சொல்லாமலா இருந்தார்கள்? சொல்லித் தோற்றுப்போயிருந்தார்கள். பிறகு ஊர்க்கூட்டம் போட்டு, வீடுகள் சேர்ந்தாற்போல் 'எங்கள் வீட்டுக்குள் புகை கிடையாது' என்று அறிவித்தன. அபராதம் இல்லை, போலீஸ் இல்லை. பின்னால் போய்க் கேட்டபோது, இடத்துக்கு இடம் 34 முதல் 59 விழுக்காடு ஆண்கள் வீட்டுக்குள் பிடிப்பதை விட்டிருந்தார்கள்.

வாயால் கேட்டு எழுதிய கணக்கு என்பதால் கொஞ்சம் கழித்துக்கொள்ளலாம். கழித்தாலும் நிறையவே மிஞ்சுகிறது. ஒருத்தி தனியாகச் சொன்னால் நச்சரிப்பு. தெருவே சொன்னால் அதற்குப் பெயர் ஊர்வழக்கம். விருந்தாளி வந்தால் செருப்பை வெளியே விட்டுவிட்டு வருகிறாரே, எந்தச் சட்டத்துக்குப் பயந்து?

கே: எங்க தாத்தா வெளியே போய் பீடி குடிச்சிட்டு வந்து என்னைத் தூக்குறாங்க. சட்டையில வாசம் வருது. என்ன சொல்லணும்? (நான்காம் வகுப்பு, மேலச்செவல்)

ப: 'தாத்தா, சட்டையை மாத்திட்டு, கை கழுவிட்டு, வாய் கொப்பளிச்சிட்டுத் தூக்குங்க' என்று சொல்லு. புகை போன பிறகும் அதன் படிவு துணியிலும் முடியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும். மூன்று தடவை சட்டை மாற்றினால் நாலாவது பீடிக்குத் தாத்தாவுக்கே சலித்துப்போகும். சட்டை துவைக்கிற ஆச்சியையும் உன் கட்சியில் சேர்த்துக்கொள்.

கே: எங்கள் குடியிருப்பில் பொங்கல் முதல் தடை கொண்டுவரப் போகிறோம். ஒரு வருடம் கழித்துப் பலித்ததா என்று தெரிய வேண்டும். வில்லை, எச்சில், ஆய்வகத்துக்கெல்லாம் காசில்லை. (சங்கச் செயலாளர், திருநெல்வேலி)

ப: காசு வேண்டாம். உங்கள் படிக்கட்டைப் பெருக்குகிற அக்காவிடம் போய் உட்காருங்கள். நான் இருக்கும் குடியிருப்பில் அதைச் செய்து பார்த்தேன். அந்த அம்மா விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்துவிட்டு, வரிசையாக ஒப்பித்தார். 'ரெண்டாம் மாடித் திருப்பம்தான் அதிகம். ஞாயித்துக்கிழமை சாயங்காலம் கூடுதல், சீட்டுக்கட்டு ஆடுவாக. மூணாவது மாடியில ஒருத்தரு, துண்டை ஜன்னல் கம்பி இடுக்குல சொருகிட்டுப் போவாரு. மழைன்னா மொட்டைமாடி ஆளும் படிக்கட்டுக்கு வந்துரும்.' ஆய்வகத்துக்காரர் இதற்கு ஆறு மாசம் எடுத்துக்கொள்வார்.

அந்தத் திருப்பத்துச் சுவரையும் பார்த்தேன். இடுப்புயரத்தில் கறுப்புப் புள்ளிகள், பீடியை நசுக்கி அணைத்த தடம். எண்ணினேன், 63. போன வருஷம் வெள்ளையடித்த சுவர். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்தேன்; அதுதான் 'முன்பு' என்கிற கணக்கு. நீங்களும் பொங்கலுக்கு முன்பே இரண்டு வாரம் துண்டுகளை எண்ணச் சொல்லுங்கள், மாடிவாரியாக. எண்ணுவதற்குத் தனியாகச் சம்பளம் கொடுங்கள், ஓசியில் வாங்காதீர்கள். பஞ்சுத்துண்டு தனி, பீடித்துண்டு தனி, ஏனென்றால் பீடித்துண்டு காலில் மிதிபட்டுத் தூளாகிவிடும், எண்ணிக்கை குறைத்துக் காட்டும். தடை வராத பக்கத்துக் குடியிருப்பிலும் அதே இரண்டு வாரம் எண்ணுங்கள். அடுத்த தை மாதம் மறுபடி இரண்டு இடத்திலும் எண்ணுங்கள்.

புகார்ப் புத்தகத்தை மட்டும் அளவுகோலாக வைக்காதீர்கள். தடை வந்த புதிதில் புகார் கூடும். கேட்க ஆள் இருக்கிறது என்று இப்போதுதானே தெரிந்தது. பிற்பாடு குறையும். அது புகை குறைந்ததாலா, சொல்லிப் பயனில்லை என்று ஓய்ந்ததாலா என்று புத்தகம் சொல்லாது. அதோடு, படிக்கட்டில் குறைந்த துண்டு எங்கே போனது என்றும் பாருங்கள். பாத்ரூம் சந்துக்குள் எட்டிப் பாருங்கள். அங்கே குவிந்திருந்தால் நீங்கள் புகையை ஒழிக்கவில்லை, உள்ளே குடிவைத்திருக்கிறீர்கள்.

கே: இவ்வளவு பேசுகிறீரே, நீர் பிடித்ததே இல்லையா? (விடாக்கண்டர், சேரன்மகாதேவி)

ப: விடாக்கண்டரே, நீர் பக்கத்துத் தெருதான் என்று கையெழுத்தைப் பார்த்தாலே தெரிகிறது. பிடித்தேன், இருபத்தாறு வருஷம். விட்டுப் பதினோரு வருஷம் ஆகிறது. எங்கள் படிக்கட்டுச் சுவரில் உள்ள 63 புள்ளியில் என்னுடையது எதுவும் இல்லை, வெள்ளையடித்துவிட்டார்கள். ஆனாலும் ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் கால் தானாக ரெண்டாம் மாடித் திருப்பத்துக்குப் போய்விடுகிறது. அங்கே நிற்கிற மூன்றுபேர் கொஞ்சம் நகர்ந்து எனக்கு இடம் விடுவார்கள். மகளுக்கு வரன், கன்னடியன் கால்வாயில் தண்ணீர், யார் வீட்டுச் செப்டிக் டேங்க் என்று பேச்சு ஓடும். தடை வந்தால் அந்தப் பேச்சை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவர்களில் ஒருவர் கேட்டார். கீழே சைக்கிள் நிறுத்துமிடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சு போடச் சொல்லியிருக்கிறேன், கட்டடத்திலிருந்து 25 அடி தள்ளி. டேப் பிடித்து அளந்தேன். இருபத்து மூன்றாவது அடியிலேயே மதில் வந்துவிட்டது.